அரக்கு உடையாத வரை

2008 நவம்பரில் ஹைதராபாத்திலிருந்து டெல்லிக்கு ஓர் அறிக்கை போனது. அந்த ஆண்டு மே மாதம் நொய்டாவில் ஒரு சிறுமியும் அவள் வீட்டில் வேலை பார்த்தவரும் கொலையுண்ட வழக்கைப் பற்றியது அது. நாடு முழுக்க வீட்டுக்கு வீடு துப்பறியும் நிபுணர்கள் முளைத்திருந்த நேரம். சான்றுப் பொருள்களை ஆராய்ந்தது சிடிஎஃப்டி, அதாவது மரபணு ரேகை மற்றும் நோய் கண்டறிதல் மையம். ஊதா நிறத் தலையணை உறை ஒன்றில் கொலையுண்ட பணியாளரின் டிஎன்ஏ இருப்பதாக அறிக்கை சொன்னது. அந்த உறை கிடைத்த இடமாக அதில் குறிக்கப்பட்டிருந்தது வேறொரு பணியாளரின் அறை. அது உண்மையானால் வழக்கின் திசையே வேறு. ஆனால் அந்த வரி ஆண்டுக்கணக்கில் யார் கண்ணையும் உறுத்தாமல் கிடந்தது. 2011-இல், குற்றம் சாட்டப்பட்டிருந்த சிறுமியின் பெற்றோர் தரப்பு அதைச் சுட்டிக்காட்டியபோது ஆய்வகத்திலிருந்து விளக்கம் வந்தது: தட்டச்சுப் பிழை, இரண்டு தலையணை உறைகளின் விவரம் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிட்டது. 2013 நவம்பரில் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை. 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

டிஎன்ஏ படித்த கருவி இதில் எந்தத் தவறும் செய்யவில்லை. துணியில் இருந்த ரத்தம் யாருடையது என்ற கேள்விக்குச் சரியான பதிலையே அது கொடுத்தது. அந்தத் துணி எந்த அறையிலிருந்து வந்தது என்பது கருவிக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது பொட்டலத்தின் மேல் ஒட்டிய ஒரு துண்டுச் சீட்டு. தடய அறிவியலைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு நுண்ணோக்கிக்கு முன் அந்தச் சீட்டுதான் நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் அந்தச் சீட்டின் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்துப் பார்க்க ஹைதராபாத்தை விடப் பொருத்தமான ஊர் இல்லை.

ஊரின் கிழக்குப் பக்கம் உப்பல் சாலையில் போனால் ஹப்சிகூடாவில் சிசிஎம்பி வரும். செல்லியல், மூலக்கூறு உயிரியல் மையம் என்பது அதன் முழுப்பெயர். அங்கிருந்து சற்றுத் தொலைவில் ராமந்தாப்பூர். மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் மத்தியத் தடய அறிவியல் ஆய்வகம் அங்கே இருக்கிறது. சிடிஎஃப்டி சிசிஎம்பியின் வயிற்றில் பிறந்து, நாச்சாரம், நாம்பள்ளி என்று வாடகைக் குடித்தனம் நடத்தி, கடைசியில் உப்பலில் சொந்த வளாகத்துக்கு வந்தது. மாநில அரசின் தடய அறிவியல் ஆய்வகம் ரெட் ஹில்ஸ் பகுதியில். தனியார் துறையில் ‘ட்ரூத் லேப்ஸ்’ 2007-இல் இதே ஊரில்தான் தொடங்கியது. அத்தாப்பூரில் காட்டு விலங்குகளுக்கென்றே ஓர் ஆய்வகம் உண்டு. பறிமுதல் செய்த கறி ஆட்டுடையதா மானுடையதா என்று அங்கே டிஎன்ஏ பார்த்துச் சொல்வார்கள். இத்தனையும் ஒரே ஊரில் வந்து சேர்ந்ததற்கு ஒரு பாம்பும் ஒரு காரணம்.

உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் கல்வாரி என்ற கிராமத்தில் 1947-இல் பிறந்தவர் லால்ஜி சிங். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ந்தது பாம்புகளின் பால் குரோமோசோம்களை. பெண் பாம்பைப் பெண்ணாக்குவது எது என்பதே கேள்வி. குற்றம், நீதிமன்றம், போலீஸ் எதுவும் அந்தக் கேள்வியின் பக்கத்தில்கூட இல்லை. உடம்பில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கட்டுவிரியனின் டிஎன்ஏவில், திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டை அவர் பிரித்தெடுத்தார். எடின்பரோவில் இருந்த ஆண்டுகளில் அதே துண்டு மற்ற விலங்குகளிடமும் மனிதரிடமும் இருப்பது தெரிந்தது. மந்திரம் ஜபிப்பதுபோல நான்கு எழுத்துகள் அங்கே மறுபடி மறுபடி வருகின்றன. எத்தனை முறை வருகின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த மாறுதலே அடையாளமாகப் பயன்படும் என்ற எண்ணம் அங்கிருந்து கிளைத்தது.

இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரிஸ் 1984 செப்டம்பரில் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்திருந்தார். அவர் முறையைப் போலீஸ் பயன்படுத்திய முதல் கொலை வழக்கில், அது முதலில் செய்த காரியம் ஒரு நிரபராதியைக் காப்பாற்றியது. தான்தான் கொன்றேன் என்று ஒப்புதல் வாக்குமூலமே கொடுத்திருந்த ஓர் இளைஞனின் டிஎன்ஏ பொருந்தவில்லை. உண்மைக் குற்றவாளி 1988-இல் தண்டிக்கப்பட்டான். டிஎன்ஏவில் அந்தத் துண்டுகளைத் தேடிப் பிடிக்கும் ஜெஃப்ரிஸின் துருவிகள் வணிக உரிமைக்குள் போய்விட்டிருந்தன. 1987-இல் இந்தியா திரும்பி ஹைதராபாத் வந்த லால்ஜி சிங்கிடம் கட்டுவிரியன் தந்த சொந்தத் துருவி இருந்தது. 1988-இல் சிசிஎம்பியில் மரபணு ரேகை எடுக்கத் தொடங்கினார்கள்.

அன்றைய வேலைமுறையை இன்றைய இளைஞர்களிடம் சொன்னால் ஆட்டுக்கல்லில் மாவரைத்த கதையைக் கேட்பதுபோலக் கேட்பார்கள். ரத்தக் கறையிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, நொதியால் துண்டு துண்டாக வெட்டி, கூழ்த் தட்டில் மின்சாரம் பாய்ச்சி, நீளவாரியாக ஓடவிட்டு, அதை ஒரு மென்படலத்துக்கு மாற்றி, கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய துருவியை ஊற்றி, எக்ஸ்ரே பிலிமில் வைத்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடையில் விலைப்பட்டியில் அச்சடித்த கோடுகளைப் போலப் பிலிமில் பட்டைகள் தெரியும். குழந்தையின் ஒவ்வொரு பட்டையும் அம்மாவிடமோ அப்பாவிடமோ இருந்தாக வேண்டும். இதற்குக் கறை தாராளமாக இருக்க வேண்டும், அழுகியிருக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் இரண்டாவது நிபந்தனை லேசில் நிறைவேறாது.

முதல் வழக்கு கேரளத்தின் தலச்சேரியிலிருந்து வந்தது. தன் குழந்தைக்குத் தகப்பன் இவர்தான் என்று ஒரு பெண் வழக்குப் போட, அந்த ஆள் மறுத்தார். ஹைதராபாத் சோதனை அவரே தகப்பன் என்றது. கேரள உயர் நீதிமன்றம் 1991-இல் அதை ஏற்றது. இந்திய நீதிமன்றத்துக்குள் டிஎன்ஏ நுழைந்தது கொலை வழக்கின் வழியாக அல்ல, கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் ஜீவனாம்ச வழக்கின் வழியாக என்பதை நம் சினிமாக்கள் இன்னும் கவனிக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து அதே கேள்வி முன்னாள் முதல்வர் ஒருவரின் வாசலுக்குப் போனது. என்.டி. திவாரியின் ரத்தம் 2012-இல் சிடிஎஃப்டிக்கு வந்தது. தன்னை அவர் மகன் என்று சொல்லி வழக்காடிய இளைஞருக்கு அவரே தகப்பன் என்று அந்த ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் முடிவு படிக்கப்பட்டது.

தமிழ்நாட்டுக்கும் அந்தக் கூழ்த் தட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1991 மே 21 இரவு திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றது இடுப்பில் கட்டிய குண்டு என்பதைச் சிதறிய துணி, கம்பி, பேட்டரித் துண்டுகளிலிருந்து கட்டியெழுப்பிச் சொன்னவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன். சிதறிய சதைத் துணுக்குகளின் டிஎன்ஏ ஒப்பீடு ஹைதராபாத்தில் நடந்தது. சில ஆண்டுகளில் திருச்சி ஆசிரமச் சாமியார் பிரேமானந்தா மீது பாலியல் வன்கொடுமை வழக்கு வந்தது. கலைக்கப்பட்ட கருவின் தந்தை யார் என்பதற்கு சிசிஎம்பி பதில் சொன்னது. எதிர்த்தரப்பு இங்கிலாந்திலிருந்து ஒரு நிபுணரைக் கொண்டுவந்து நிறுத்தியது. 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றத்தின் நீதிபதி ஆர். பானுமதி, பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர், ஹைதராபாத் அறிக்கையை ஏற்று இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். ஆசிரமத்துப் பெண்களின் வாய்மொழியை மட்டும் வைத்து அந்த வழக்கு எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று யோசித்தால், அந்த அறிக்கையின் எடை புரியும்.

சென்னைக்கு இதைவிடப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னையில் அமைந்தது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் எல்லாம் அதற்குப் பிறகே. பாஷாணம், ஊமத்தை, அரளி மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நாட்டில், செத்தவர் வயிற்றில் என்ன இருந்தது என்று கேட்க ஆள் தேவைப்பட்டது. ஆர்சனிக் எனும் பாஷாணத்தைக் கண்ணாடிக் குழாயில் கரும் படிவாகக் காட்டும் மார்ஷ் சோதனை 1836-இல் வந்திருந்தது. அதுவரை நஞ்சு வைத்தவனுக்கு எதிராக உறுதியான சாட்சி கிடைப்பது அரிது. நாய்க்குப் போட்டுப் பார்ப்பதும் ஒரு பரிசோதனை.

நஞ்சுப் பிரிவு இன்றைக்கும் எந்தத் தடய ஆய்வகத்திலும் கூட்டம் குறையாத இடம். தெலங்கானாவில் அதற்கு உள்ளூர்க் காரணம் ஒன்று சேர்ந்துகொள்கிறது: கள். மரத்துக் கள் போதாத இடங்களில் குளோரல் ஹைட்ரேட், டயஸெபாம், அல்பிரஸோலம் போன்ற மயக்க மருந்துகளைக் கலந்த ‘கள்’ விற்பது அங்கே பழைய நோய். 2015-இல் கலப்படக் கள்ளுக்கு எதிராகக் கெடுபிடி இறுகியபோது வேறொரு விஷயம் வெளிவந்தது. கள் கிடைக்காமல் கைகால் உதறி, பிதற்றி, வலிப்பு வந்து, ஹைதராபாத் எர்ரகட்டா மனநல மருத்துவமனைக்குக் கூட்டம் கூட்டமாக ஆள்கள் வந்தார்கள். தாங்கள் அடிமையாகியிருந்தது கள்ளுக்கு அல்ல, மாத்திரைப் பொடிக்கு என்பது அவர்களில் பலருக்கு அப்போதுதான் தெரியும். 2025 ஜூலையில் கூகட்பள்ளியில் கலப்படக் கள் குடித்தவர்கள் இறந்தார்கள். மறுபடியும் சோதனைக்குப் போனது அதே வகைப் பொடி.

நஞ்சு வழக்கில் பிணவறையிலிருந்து ஆய்வகம்வரை என்ன நடக்கிறது என்று பார்த்தால், இந்தத் துறையின் அஸ்திவாரம் எதுவென்று விளங்கும். இரைப்பையும் அதிலிருப்பதும், சிறுகுடலில் ஒரு பகுதி, கல்லீரலில் ஒரு பகுதி, சிறுநீரகங்களில் பாதி பாதி, கொஞ்சம் ரத்தம் என்று எடுத்து ஜாடிகளில் பிரித்துப் போடுவார்கள். உறுப்புகள் கெடாமல் இருக்கப் பெரும்பாலும் ஊற்றுவது சாதாரண உப்புக் கரைசல், உப்பு கரையாமல் அடியில் நிற்கும் அளவுக்குச் செறிவாக. ஃபார்மலின் ஊற்றினால் திசு கெடாது. ஆனால் நஞ்சைப் பிரித்தெடுப்பது பெரும்பாடாகிவிடும். ஊற்றிய உப்புக் கரைசலிலும் கொஞ்சம் தனிப் பாட்டிலில் அனுப்ப வேண்டும். உப்பிலேயே நஞ்சு இருந்தது என்று நாளை வக்கீல் கேட்டால் பதில் வேண்டுமே. யாரோ ஒரு வக்கீல் எப்போதோ கேட்டிருப்பார். அந்தப் பாட்டில் அன்று முதல் கூடவே வருகிறது. தடய அறிவியலின் பல விதிகள் இப்படிக் குறுக்கு விசாரணைக் கூண்டில் பிறந்தவை.

பொட்டலம் ஆய்வகத்தின் வரவுப் பிரிவுக்கு வந்ததும் யாரும் உடனே பிரிப்பதில்லை. மேலே உள்ள அரக்கு முத்திரைகளை எண்ணுவார்கள். போலீஸோ நீதிமன்றமோ கடிதத்தோடு தனியாக அனுப்பிய மாதிரி முத்திரையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். கடிதத்தில் எழுதிய பொருளும் சீட்டில் எழுதிய பொருளும் ஒன்றா, எண் ஒன்றா என்று பார்ப்பார்கள். முத்திரை உடைந்திருந்தால், எழுத்து அழிந்திருந்தால், திருப்பி அனுப்ப வேண்டும். குறைந்தது குறித்தாவது வைக்க வேண்டும். ரத்தக் கறை படிந்த துணி பிளாஸ்டிக் பையில் வந்திருந்தால் ஆய்வாளர் தலையில் கை வைத்துக்கொள்வார். ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடித்திருக்கும். பூஞ்சை டிஎன்ஏவைத் தின்றிருக்கும். நிழலில் உலர்த்திக் காகிதத்தில் மடித்திருந்தால் போதும். காசு செலவில்லாத வேலை. இன்றைக்கும் தவறுகிற வேலை.

உள்ளே போனபின் பொருள் தன் பிரிவுக்குப் போகும். துப்பாக்கியும் தோட்டாவும் ஒரு பக்கம், கையெழுத்து ஒரு பக்கம், கைப்பேசி ஒரு பக்கம். கறை என்றால் அது ரத்தம்தானா என்பது முதல் கேள்வி. வெற்றிலைச் சாறும் துருவும் கண்ணை ஏமாற்றும். ஃபீனால்ஃப்தலீன் சோதனை இளஞ்சிவப்புக் காட்டினால் ரத்தமாக இருக்கலாம் என்று பொருள், ரத்தமே என்று அல்ல. அதை உறுதிப்படுத்த வேறு சோதனை. பிறகு மனித ரத்தமா, கோழி ரத்தமா. அதன் பிறகே டிஎன்ஏ. கட்டுவிரியன் துருவியின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று குரோமோசோம்களில் தேர்ந்தெடுத்த பதினைந்து இருபது இடங்களில் குட்டித் தொடர்கள் எத்தனை முறை திரும்ப வருகின்றன என்று எண்ணுகிறார்கள். பிசிஆர் முறை அந்த இடங்களைக் கோடிக்கணக்கில் படியெடுத்துக் கொடுக்கிறது. அன்று காசளவு கறை கேட்ட சோதனைக்கு இன்று ஒரு பீடித் துண்டின் எச்சில் போதும்.

இந்தக் கூர்மைக்கு ஒரு விலை இருக்கிறது. கூரிய காது வேண்டாததையும் கேட்கும். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் கொலை, கொள்ளை, திருட்டு என்று ஏறத்தாழ நாற்பது குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது. 2007-இல் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் சுடப்பட்ட பிறகு அந்த மர்மப் பெண்ணைத் தேடி ஐரோப்பாவே அலைந்தது. 2009-இல் உண்மை தெரிந்தது. கறையை ஒற்றியெடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த ஆலையில் வேலை செய்த பெண்ணின் டிஎன்ஏ அது. குச்சியில் கிருமி இருக்கவில்லை, டிஎன்ஏ இருந்தது.

லியோனில் 1910-இல் முதல் போலீஸ் ஆய்வகத்தைத் தொடங்கிய எட்மண்ட் லோகார்டின் பெயரில், இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றின் துகள் மற்றொன்றில் ஒட்டும் என்ற விதியைப் பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொடுக்கின்றன. குற்றவாளிக்கு மட்டும் அந்த விதி பொருந்துமென்று யாரும் சொல்லவில்லை. குற்ற இடத்தில் கூடி நிற்கும் தெருவாசிகளுக்கும், செய்திச் சேனல்காரர்களுக்கும், கையுறை இல்லாமல் கத்தியைத் தூக்கிக் காட்டும் காவலருக்கும் அது பொருந்தும்.

பொருந்திவிட்டது என்று அறிக்கை வந்ததும் விஷயம் முடிந்ததாக நினைக்கிறோம். என்ன பொருந்தியது என்பதில்தான் இந்தியாவுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு மாதிரிகள் ஒத்துப்போகின்றன. தொடர்பே இல்லாத ஓர் ஆளிடம் தற்செயலாக இதே அமைப்பு இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது அடுத்த கணக்கு. அந்தக் கணக்கைப் போட, அந்த அமைப்பு நம் மக்களிடையே எவ்வளவு பரவலானது என்று தெரிய வேண்டும். எந்த மக்கள்? ஹைதராபாத் சிசிஎம்பியின் கே. தங்கராஜும் லால்ஜி சிங்கும் ஹார்வர்டின் டேவிட் ரெய்ஷ் குழுவோடு சேர்ந்து 2009-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, இந்தியச் சாதிகள் பல தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டவை என்பதை மரபணுவில் காட்டியது. தங்கராஜ் பின்னர் சிடிஎஃப்டி இயக்குநராகவும் இருந்தார்.

குற்றவியல் வழக்குக்கு இதன் பொருள் கல்யாணப் பேச்சு மாதிரி எளிமையானது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் ஊரில், ஒரே தெருவில் இருக்கும் பங்காளிகள் டிஎன்ஏவில் பலதைப் பகிர்ந்துகொள்வார்கள். சந்தேகப்படும் ஆள் ஒருவர். அவருடைய அண்ணன் தம்பிகளும் சித்தப்பா மகன்களும் அதே ஊரில் இருக்கிறார்கள். உலக மக்கள்தொகையில் கோடியில் ஒருவர் என்ற எண்ணைக் காட்டி அங்கே தண்டனை கேட்பது சரியாகாது. இன்னொரு சறுக்கல் இதைவிட நுட்பமானது. நிரபராதியிடம் இந்த அமைப்பு இருக்கும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்பதும், இந்த அமைப்பு உள்ளவர் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்பதும் ஒன்றுபோலக் காதில் விழும். ஒன்று அல்ல. ஹைதராபாத் போன்ற நகரத்தில் லட்சத்தில் ஒருவர் என்றால் நூறு பேர் அளவில் வருவார்கள். வேறு சாட்சியமே இல்லாமல் அந்த நூற்றில் ஒருவரைப் பிடித்து நிறுத்தினால் கணக்கு அவருக்கு எதிராக அல்ல, சார்பாகவே பேசும். இதை விளக்கிச் சொல்லும் அரசு வக்கீலோ கேட்கும் எதிர்த்தரப்பு வக்கீலோ நம் அமர்வு நீதிமன்றங்களில் அதிகம் பேர் இருப்பதாக நான் நம்பவில்லை.

டிஎன்ஏவுக்காவது இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. கடித்த பல் தடம், செருப்புத் தடம், முடியை நுண்ணோக்கியில் ஒப்பிடுவது ஆகியவற்றுக்குப் பிழை விகிதமே ஒழுங்காகத் தெரியாது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் 2009 அறிக்கை இதைத் தயங்காமல் சொன்னது. ஆய்வகங்கள் போலீஸின் பிடியிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஹைதராபாத்தில் இந்த வேறுபாட்டைக் கண்ணெதிரே பார்க்கலாம். சிடிஎஃப்டி உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் வருகிறது. ராமந்தாப்பூர் ஆய்வகம் உள்துறையின் கீழ். நம் நாட்டுத் தடய ஆய்வகங்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. அங்கே இருப்பவர்கள் நேர்மையற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. பொட்டலத்தோடு வரும் கடிதத்திலேயே குற்றம் சாட்டப்பட்டவர் யார், அவர் என்ன செய்ததாகப் போலீஸ் நம்புகிறது என்ற கதை முழுக்க எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுக் கறையைப் பார்க்கும் கண், படிக்காத கண் போல இராது.

நீதிமன்றங்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்திருக்கின்றன. 1996-இல் டெல்லியில் ஒரு சட்ட மாணவி கொல்லப்பட்ட வழக்கில் லால்ஜி சிங்கின் ஆய்வகம் கொடுத்த டிஎன்ஏ அறிக்கையை விசாரணை நீதிமன்றம் நம்ப மறுத்தது. மாதிரிகள் கையாளப்பட்ட விதத்தில் சந்தேகம். 1999 டிசம்பரில் எதிரி விடுதலை. அதே அறிக்கையை வைத்து 2006-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தண்டித்தது. சரவண பவன் உணவக அதிபர் ராஜகோபால் மீதான கொலை வழக்கில் எதிர்த்தரப்பின் வாதம் தலைகீழானது. கொடைக்கானல் டைகர் சோலையில் கிடைத்த உடலை மண்டையோட்டுப் படத்தோடு முகப்படத்தைப் பொருத்திப் பார்த்து அடையாளம் கண்டிருந்தார்கள். டிஎன்ஏ சோதனை ஏன் செய்யவில்லை என்று கேட்டார்கள். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், டிஎன்ஏவும் நிபுணர் கருத்துதான், வழக்குக்கு வழக்கு அதன் எடை மாறும், அது இல்லாததால் மட்டும் வழக்கு விழுந்துவிடாது என்றது.

ஓர் இளம் பெண் கொல்லப்பட்ட டெல்லி சாவ்லா வழக்கில் 2022-இல் எதிர்த்திசை. மாதிரிகள் எடுத்தது 2012 பிப்ரவரி நடுவில், ஆய்வகத்துக்கு அனுப்பியது 27-ஆம் தேதி. இடைப்பட்ட நாள்களில் காவல் நிலைய மால்கானாவில், அதாவது சான்றுப் பொருள் அறையில், கிடந்தன. அந்த நாள்களில் யாரும் தொடவில்லை என்று காட்ட முடியவில்லை. மரண தண்டனை பெற்ற மூவரும் விடுதலை. தீர்ப்பைக் கேட்டுப் பலர் கொதித்தார்கள். கொதிக்க வேண்டியது நீதிபதிகள் மேல் அல்ல, அந்த மால்கானா அலமாரியின் மேல் என்பது என் கருத்து.

பிறகு நம் தேனி. 2011 மே மாதம் சுருளி அருவிப் பகுதியில் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. 2018-இல் தேனி நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. டிஎன்ஏ அறிக்கை இருந்தது. எடுத்த மாதிரி ஆய்வகம் போய்ச் சேரும்வரை யார் யார் கையில் இருந்தது, ஏன் அவ்வளவு தாமதம் என்பதற்கு ஆதாரம் இருக்கவில்லை. ஒரு மனிதன் தூக்குக் கயிற்றின் நிழலில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தான். கொல்லப்பட்ட இருவரின் குடும்பங்களுக்கு யார் கொன்றார் என்ற பதில் இன்றும் இல்லை. ஒரு பொட்டலத்தின் பயணத்தை எழுதி வைக்காததால் இரண்டு பக்கமும் இழப்பு.

அந்தத் தீர்ப்பு நாடு முழுக்கச் செல்லுபடியாகும் கட்டளைகளைப் பிறப்பித்தது. மாதிரியை எடுத்தவுடன் வழக்கு எண், பிரிவு, விசாரணை அதிகாரி, காவல் நிலையம் எல்லாம் எழுதி, இருந்தவர்கள் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர விசாரணை அதிகாரி பொறுப்பு. விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் பொட்டலத்தை யாரும் திறக்கவோ மறுமுத்திரை வைக்கவோ கூடாது. எடுத்த நிமிடத்திலிருந்து தண்டனையோ விடுதலையோ வரும்வரை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒரு பதிவேடு. அது வழக்குக் கட்டோடு சேர வேண்டும். இதில் புதிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. கூரியர் கடைக்காரர் சட்டைத் துணிப் பார்சலுக்குச் செய்வதைச் சதைத் துணுக்குக்குச் செய்யச் சொல்கிறது.

நாடாளுமன்றப் பக்கம் கதை மெதுவாகப் போகிறது. டிஎன்ஏ ஆய்வகங்களுக்கு அங்கீகாரம், தரக் கட்டுப்பாடு, தகவல் தொகுப்பு எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வேண்டுமென்ற முயற்சி 2000களிலேயே தொடங்கியது. 2019 ஜூலையில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா, நிலைக்குழுவுக்குப் போய், 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் தயாராக ஐந்தாண்டு அவகாசம். ஆக, பொட்டலங்கள் இனிப் பல மடங்கு வரும். அவற்றைப் பெற்றுக்கொள்ளும் வரவுப் பிரிவில் முத்திரை எண்ணும் கைகளும் அதே அளவுக்குக் கூடுமா என்பதைப் பட்ஜெட் தாளில்தான் பார்க்க வேண்டும்.

லால்ஜி சிங் 2017 டிசம்பரில் காசியில் காலமானார். பாம்பிலிருந்து அவர் எடுத்த துருவி அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. அரக்கும் சணலும் சீட்டும் இன்னும் வேலையில் இருக்கின்றன.

வாசகருக்கு ஒன்று. உங்கள் தெருவில் என்றாவது போலீஸார் ஒரு பொருளைக் கைப்பற்றி, மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட உங்களை அழைக்கலாம். தவிர்க்காமல் போங்கள். ஆனால் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பொருளை உங்கள் முன்னால் பொட்டலம் கட்டச் சொல்லுங்கள், அரக்கு வைக்கும்வரை நில்லுங்கள், சீட்டில் எழுதிய இடமும் நேரமும் சரியா என்று படித்துப் பாருங்கள், அதன் பிறகு தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.